வானொலி முகப்பைப் பிரித்து வைக்க எந்தக் கேபிள்?

காரில் இருவழி வானொலி பொருத்தும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள் ஆன்டெனாவைப் பற்றி வாரக்கணக்கில் யோசிப்பார்கள். பேட்டரியிலிருந்து வரும் மின்கம்பியின் கனத்தைப் பற்றியும் ஓரளவு விசாரிப்பார்கள். முகப்பையும் பெட்டியையும் இணைக்கும் மெல்லிய கேபிளை மட்டும் கடைசி நாளில், கையில் அகப்பட்டதை எடுத்து மாட்டிவிடுவார்கள். பிளக் சாக்கெட்டுக்குள் போய்க் ‘கிளிக்’ என்று உட்கார்ந்துவிட்டால் கேபிள் சரியானதுதான் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வியும் அதிலிருந்துதான் பிறக்கிறது: “இதற்குச் சாதாரண லேன் கேபிளையே போட்டுக்கொள்ளலாமா?” சில வானொலிகளுக்குப் போடலாம், சிலவற்றுக்குப் போட்டால் முகப்பே கெட்டுப்போகக்கூடும். பிளக்கின் வடிவத்தைப் பார்த்து இவ்விரண்டில் எது என்று சொல்ல வழியே இல்லை.

முகப்பு என்று நான் சொல்வது திரையும் குமிழ்களும் பொத்தான்களும் கொண்ட முன்பகுதியை. அனுப்பும் சுற்றும் வாங்கும் சுற்றும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துடுப்புகளும் அடங்கிய கனமான பகுதியைப் பெட்டி என்கிறேன். இன்றைய கார்களின் டேஷ்போர்டில் ஒரு முழு வானொலியை வைக்க இடமே கிடைப்பதில்லை என்பதால், பெட்டியை இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ வைத்துவிட்டு முகப்பை மட்டும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் பொருத்துவதே வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஓடும் கேபிளில் முகப்புக்கான மின்சாரமும், அதன் தரைக்கம்பியும், இரு திசைகளிலும் போய்வரும் தொடர்வரிசைத் தரவும் இருக்கும். வானொலியை உயிர்ப்பிக்கும் சுவிட்ச் இணைப்பு பல வகைகளில் தனிக் கம்பியாகவே வரும். சில வகைகளில் மைக்கின் ஒலியும் ஸ்பீக்கரின் ஒலியும் இதே கேபிளின் வழியாகத்தான் பயணம் செய்கின்றன. எந்தக் கம்பியில் எது போகிறது என்பதை ஒவ்வொரு நிறுவனமும், சில நேரங்களில் ஒரே நிறுவனத்தின் ஒவ்வொரு மாதிரியும், தன் விருப்பம்போல் தீர்மானித்துக்கொள்கிறது. இதற்குப் பொதுத் தரம் என்று எதுவும் கிடையாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பின்களின் வரிசையை. ஆறு பின் கொண்ட சிறிய பிளக்கும் எட்டு பின் கொண்ட பெரிய பிளக்கும்தான் பெரும்பாலும் நம் கையில் வருகின்றன. கடைக்காரர்கள் முன்னதை ஆர்ஜே-12 என்றும் பின்னதை ஆர்ஜே-45 என்றும் சொல்வார்கள். ஆறு பின் வகையில்தான் ஆபத்து அதிகம். வீட்டுத் தொலைபேசிக்கு வரும் தட்டையான கேபிளில், ஆறு கம்பிகளும் இருந்தால், ஒரு முனையின் முதல் பின் மறுமுனையின் ஆறாவது பின்னோடு சேர்ந்திருக்கும். அதாவது முழு வரிசையும் தலைகீழாக மாறியிருக்கும். தொலைபேசிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வானொலி முகப்பிலோ, நேர் இணைப்பு தேவைப்படும் இடத்தில் தலைகீழ் இணைப்பைக் கொடுத்தால், தரைக்கம்பி இருக்க வேண்டிய பின்னில் மின்னழுத்தம் போய் உட்கார்ந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு.

கேபிளைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். தட்டைக் கேபிளை மேசையில் முறுக்கில்லாமல் நீட்டி வையுங்கள். இரு பிளக்குகளின் பூட்டு நாக்குகளும் ஒரே பக்கம் பார்த்தால் அது தலைகீழ் இணைப்பு. ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் பார்த்தால் அது நேர் இணைப்பு. உருண்டைக் கேபிளானால் இரு பிளக்குகளையும் ஒரே திசையில் அருகருகே பிடித்து, உள்ளே தெரியும் நிறங்களின் வரிசையை ஒப்பிட வேண்டும். வரிசை ஒன்றாக இருந்தால் நேர், கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறியிருந்தால் தலைகீழ்.

ஆனாலும் உங்கள் வானொலிக்கு இவற்றில் எது வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வானொலியோடு நிறுவனம் கொடுத்த குட்டைக் கேபிள் ஒன்று இருந்தால், அதைவிட நம்பத்தகுந்த ஆவணம் வேறெதுவும் இல்லை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையின் ஒவ்வொரு பின்னும் மறுமுனையின் எந்தப் பின்னோடு பேசுகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பின்னுக்குக் கம்பியே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை. இணையத்தில் யாரோ எழுதிய பின் வரைபடத்தை நம்புவதைவிட இது மேலானது. ஏனென்றால் அந்த வரைபடங்களில் பல, பிளக்கை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து எண்ணியது என்பதைச் சொல்வதே இல்லை.

கம்பிகளின் எண்ணிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு பின் பிளக் என்றால் உள்ளே ஆறு கம்பி இருக்கும் என்று பொருளல்ல. தொலைபேசிக் கேபிள்களில் பெரும்பாலும் நான்கு கம்பிகளோ, இரண்டு கம்பிகளோதான் இருக்கும். ஓரத்துப் பின்களின் இடம் காலியாகக் கிடக்கும். அப்படிப்பட்ட கேபிளை மாட்டினால் திரை ஒளிர்ந்து பொத்தான்கள் வேலை செய்யாமலோ, எல்லாம் வேலை செய்து ஒலி மட்டும் வராமலோ போகலாம். வானொலி பழுதென்று எண்ணி அதைத் திறப்பதற்கு முன் பிளக்கின் பொன்னிறத் தகடுகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. இரண்டு கேபிள்களைச் சேர்க்கும் இணைப்பானைப் பொறுத்தவரை, நேராக இணைப்பதும் தலைகீழாக இணைப்பதும் ஒரே தோற்றத்தில் விற்கப்படுகின்றன. ஓடும் வண்டியின் அதிர்வில் கூடுதலாக இரண்டு தொடுமுனைகளைச் சேர்ப்பதே எனக்கு உடன்பாடில்லாத விஷயம் என்பதால், இணைப்பானை நான் சோதனை மேசையைத் தாண்டி எங்கும் பயன்படுத்துவதில்லை.

எட்டு பின் வகைக்கு வருவோம். லேன் கேபிளின் இரு முனைகளும் ஒரே நிற ஒழுங்கில் கிரிம்ப் செய்யப்பட்டிருந்தால், அதாவது கருவியால் அழுத்திப் பிளக் மாட்டப்பட்டிருந்தால், வழக்கமான இரு நிற ஒழுங்குகளில் அது ஏ ஆனாலும் பி ஆனாலும், எட்டுக் கம்பிகளும் நேராகவே போகும். ஒரு முனையில் ஓர் ஒழுங்கும் மறுமுனையில் மற்றதும் இருந்தால் அது கிராஸ்ஓவர் கேபிள். அதை வானொலியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நேர் இணைப்பிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. லேன் கேபிளில் 1-2, 3-6, 4-5, 7-8 என்று பின்கள் சோடி சோடியாக முறுக்கப்பட்டிருக்கும். வலையமைப்புக்கு அந்தச் சோடிகள் பொருத்தமானவை. வானொலி வடிவமைத்தவர் மைக் ஒலியை நான்காவது பின்னிலும் தரவை ஐந்தாவது பின்னிலும் வைத்திருந்தால், அவ்விரண்டும் நெடுகிலும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடும். பேசும்போது எதிர்முனையில் மெல்லிய ‘டிக் டிக்’ ஒலியோ கரகரப்போ கேட்கும். பின் வரைபடம் கையில் இருந்து கிரிம்ப் செய்யும் கருவியும் இருந்தால், மைக் கம்பியும் மைக் தரைக்கம்பியும் ஒரே சோடியில் வரும்படி நிறங்களை நாமே மாற்றி அடித்துக்கொள்ளலாம். இரு முனைகளிலும் ஒரே மாதிரி மாற்றினால் இணைப்பு நேராகவே இருக்கும்.

மின்னணுப் பொருட்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் லேன் கேபிளுக்குப் பஞ்சமில்லை. எதை வாங்குவது என்பதுதான் சிக்கல். மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சுக் கொடுக்கப்பட்டவை. அவற்றின் மின்தடை அதே கனமுள்ள தூய செம்பின் தடையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நெகிழ்வும் குறைவு, மடங்கும் இடத்தில் எளிதில் ஒடியும். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பார்த்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடலாம். அடுத்து, சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கேபிளில் ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் ஒற்றைத் திடக்கம்பி இருக்கும். அது கட்டடச் சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. அதிர்ந்துகொண்டே ஓடும் வண்டிக்குப் பல இழைகள் கொண்ட கம்பிதான் ஏற்றது; ஆயத்தமாக விற்கும் பேட்ச் கார்டுகள் பெரும்பாலும் அந்த வகையே. பிளக்குகளிலும் இந்த வேறுபாடு உண்டு. இழைக்கம்பிக்கான பிளக்கின் தகடு இழைகளுக்கு நடுவே குத்தி இறங்கும். திடக்கம்பிக்கான தகடு கம்பியின் இரு பக்கங்களையும் கவ்விப் பிடிக்கும். மாற்றிப் போட்டால் அன்றைக்கு வேலை செய்துவிட்டுச் சில மாதங்களில் விட்டுவிட்டுத் தொடர்பறுக்கும். இந்தத் துறையில் கண்டுபிடிக்க மிகக் கடினமான பழுது இதுதான். பிளக்கின் தகடுகளில் “50 மைக்ரான் தங்கம்” என்று கடையில் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். அது உண்மையில் 50 மைக்ரோ இன்ச், அதாவது ஒன்றேகால் மைக்ரானுக்குச் சற்று மேல். அந்த அளவே நமக்குப் போதுமானது. அதைவிட மிக மெல்லிய பூச்சுள்ள பிளக்குகளும் அதே தோற்றத்தில் கிடைப்பதால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

நீளத்தைப் பற்றிப் பேசும்போது பலர் அஞ்சுவது தரவைப் பற்றி. அந்த அச்சம் தேவையில்லை. கேட்-5இ எனப்படும் சாதாரண லேன் கேபிளின் ஒரு சோடிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 50 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். ஆறு மீட்டருக்கு 300 ஆகிறது. முகப்பும் பெட்டியும் பேசிக்கொள்ளும் வேகத்துக்கு அது ஒரு தடையே அல்ல. உண்மையில் நீளம் வதைப்பது மின்சாரத்தைத்தான். கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 கேஜ் மெல்லிய கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. ஆறு மீட்டர் போய் ஆறு மீட்டர் திரும்பி வர இரண்டரை ஓம். திரையின் பின்னொளியோடு சேர்த்து முகப்பு 200 மில்லிஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் அரை வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடுகிறது. 24 கேஜ் கம்பியில் அதே நீளத்துக்கு ஓர் ஓம், இழப்பு 0.2 வோல்ட். வண்டியின் 13.8 வோல்ட்டை முகப்புக்கு நேராக அனுப்பும் வடிவமைப்பில் இந்த அரை வோல்ட் பெரிதல்ல. குறைந்த மின்னழுத்தத்தைச் சீராக்கி அனுப்பும் வடிவமைப்பில் பெரிதாகிவிடும்.

அதைவிட முக்கியமானது, அந்த இழப்பில் பாதி தரைக்கம்பியின் மேல் நிகழ்கிறது என்பது. மைக்கை முகப்பில் செருகும் வானொலிகளில், மைக்கின் தரையும் முகப்பு மின்சாரத்தின் தரையும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டால், கால் வோல்ட் அளவில் ஏறி இறங்கும் அழுத்தம் சில மில்லிவோல்ட் அளவேயான மைக் ஒலியோடு கலக்கிறது. பின்னொளியைக் குறைத்தாலோ கூட்டினாலோ உங்கள் ஒலியில் இரைச்சல் மாறுகிறது என்று எதிர்முனை நண்பர் சொன்னால், காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். நிறைய பேர் இதற்கு மைக்கை மாற்றுகிறார்கள், ஃபில்டர் வாங்குகிறார்கள். கனமான செம்புக் கம்பி கொண்ட கேபிளும், தேவைக்கு மேல் ஒரு மீட்டர்கூட நீளாத அளவும் போதும் என்பது என் தீர்ப்பு. 24 கேஜைவிட மெல்லிய கம்பியை நான்கு மீட்டருக்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன்.

மைக் எங்கே செருகப்படுகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கென்வுட்டின் டிஎம்-டி710 போன்றவற்றில் மைக்கின் சாக்கெட் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டி டிக்கிக்குப் போனால் மைக்குக்குத் தனியாக ஒரு நீட்டிப்புக் கேபிள் முன்னிருக்கை வரை வர வேண்டும்; ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரு கேபிளை அல்ல, இரண்டை. மைக் கேபிளுக்கு ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள வகையையே எடுங்கள். ஷீல்டைப் பெட்டியின் பக்கத்தில் மட்டும் தரையோடு சேர்த்தால் போதும்.

சிற்றலை அலைவரிசைகளிலும் (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே) பேச விரும்புகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. ஐகாம் ஐசி-7100 வானொலிக்கு அந்த நிறுவனமே 3.5 மீட்டரிலும் 5 மீட்டரிலும் கேபிள் தருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 21 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கால் அலைநீளம் ஏறத்தாழ 3.5 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5.3 மீட்டர், பிவிசி உறையின் விளைவைச் சேர்த்தால் அதற்கும் சற்றுக் குறைவு. நூறு வாட்டில் அனுப்பும்போது இந்தக் கேபிள் தானும் ஓர் ஆன்டெனாவாக மாறி, அனுப்பிய ஆற்றலை முகப்புக்குள்ளே இழுத்துவந்துவிடக்கூடும். திரை உறைவது, அலைவரிசை தானாக மாறுவது, அனுப்பும் பொத்தானை விட்ட பிறகும் வானொலி அனுப்பிக்கொண்டே இருப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். கேபிளைச் சுருட்டிக் கட்டி வைப்பதால் பெரும்பாலும் பயனில்லை. இரு முனைகளிலும், பிளக்குக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே, இப்படி ஏறிவரும் ஆற்றலைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்களைப் போட வேண்டும். சிற்றலை அலைவரிசைகளுக்கு 31 எனப்படும் கலவையும், 144 மெகாஹெர்ட்ஸுக்கு 43 எனப்படும் கலவையும் பொருந்தும். பெரிய துளையுள்ள வளையத்தை வாங்கிக் கேபிளை மூன்று முறை சுற்றினால், ஒருமுறை நுழைத்ததைப்போல் ஒன்பது மடங்கு வரை தடை கிடைக்கும்; தடை சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது. 144 மெகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனாலும் ஆன்டெனாவின் கோஆக்ஸ் கேபிளோடு முகப்புக் கேபிளை ஒரே கட்டாகக் கட்டி ஓட்ட வேண்டாம்.

கேபிள் ஓடும் பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் ஓட்டுவதே எளிது. முன் கண்ணாடியோரத் தூணுக்குள் ஏற்ற வேண்டியிருந்தால், அங்கே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இருந்தால் அந்தப் பாதையையே மறந்துவிடுங்கள். இருக்கையின் தண்டவாளம் நகரும் இடத்தில் கேபிள் நசுங்காமல் தள்ளிக் கட்ட வேண்டும். எட்டு பின் பிளக்கின் அகலம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் என்பதால், உலோகத் தகட்டில் துளை போட வேண்டிவந்தால் கேபிளை நுழைத்த பிறகு பிளக்கை அடிப்பதே நல்லது. துளை சிறிதாக இருக்கும், ரப்பர் வளையமும் இறுக்கமாகப் பொருந்தும். சாதாரண பிவிசி உறை 60 முதல் 75 டிகிரி வரை தாங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு அந்த அளவை எட்டிவிடுவதால், கேபிளை மேலே வெயிலில் கிடத்தாமல் டேஷ்போர்டுக்கு அடியிலேயே கொண்டுபோய் முகப்பின் பின்புறத்தில் மட்டும் வெளியே எடுங்கள்.

வணிகப் பயன்பாட்டுக்கான வானொலிகளைப் பழைய விலைக்கு வாங்கி மாற்றிக்கொள்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மோட்டரோலா போன்ற நிறுவனங்களின் வண்டி வானொலிகளில் முகப்பைப் பிரிக்கத் தனித் துணைக்கருவித் தொகுதி வேண்டும். கேபிளும் பல பின்கள் கொண்ட தனி வகை. அங்கே கிரிம்ப் கருவியோடு துணிய வேண்டாம், நிறுவனக் கேபிளையே தேடி வாங்குங்கள். அவற்றில் பலவற்றின் ஸ்பீக்கர் இணைப்பில் இரு கம்பிகளுமே தரையோடு சேராதவை. வெளி ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டியின் உடலோடு தொடவிட்டால் ஒலிபெருக்கும் சிப் போய்விடும். ஆகவே ஸ்பீக்கருக்கு எப்போதும் தனியான இரட்டைக் கம்பியே ஓட்டுங்கள், 0.75 சதுர மில்லிமீட்டர் போதும்.

புதிய கேபிளை மாட்டும் முன் மல்டிமீட்டரால் எல்லாப் பின்களையும் தாளில் உள்ள வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, அடுத்தடுத்த பின்களுக்கு இடையே குறுக்குத் தொடர்பு இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செருகும்போதும் பிடுங்கும்போதும் வானொலியை அணைப்பது மட்டும் போதாது, ஃபியூஸையே எடுத்துவிட வேண்டும். அணைத்த நிலையிலும் சில பின்களில் மின்சாரம் இருக்கும். மைக்கும் முகப்பும் ஒரே வடிவச் சாக்கெட் கொண்ட வானொலியானால் இரு கேபிள்களின் இரு முனைகளிலும் பெயர் ஒட்டுங்கள். வீட்டு மேசையில் அதே வானொலியை வைத்துச் சோதிக்கிறவர்கள், அருகில் கிடக்கும் இணைய ரூட்டரின் கேபிளைத் தவறிச் செருகிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்புற வயர்லெஸ் கருவிகளுக்கு வரும் சில கேபிள்களில் 24 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் மாட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு அலைவரிசையிலும் முதலில் குறைந்த ஆற்றலிலும் பிறகு முழு ஆற்றலிலும் சில நொடிகள் அனுப்பிப் பாருங்கள். அப்போது முகப்பின் திரையைக் கவனித்தபடி, முகப்பின் பின்னால் கேபிளை விரலால் மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள்.